காலமுத்திரையும் லினக்ஸ் இயக்கி நிரல்களும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

அஞ்சலகத்தில் ஒரு கடிதத்தின் மீது முத்திரை குத்தப்படுகிறது. கடிதம் எழுதப்பட்ட நேரம் ஒன்று. பெட்டியில் விழுந்த நேரம் ஒன்று. முத்திரை பதிந்த நேரம் ஒன்று. பையில் கட்டப்பட்டு ரயில் ஏறிய நேரம் மற்றொன்று. கடிதத்தைப் பிரித்துப் படிப்பவருக்கு இந்த வேறுபாடுகளால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால், 'இக்கடிதம் எவ்வளவு நேரம் பயணம் செய்தது?' என்று ஒருவர் கணக்கிட முற்பட்டால், முத்திரை எந்த இடத்தில், எந்தக் கையால் குத்தப்பட்டது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

கணிப்பொறி வலையமைப்பிலும் இதே கேள்வி எழுகிறது. பாக்கெட் எனப்படும் செய்திப்பொதி எந்த நொடியில் கம்பியில் ஏறியது, எந்த நொடியில் வந்து சேர்ந்தது என்று குறிப்பதையே காலமுத்திரை என்கிறோம். லினக்ஸில் இம்முத்திரையை நெட்வொர்க் கார்டிடம் கேட்டுப் பெறும் வழி 2009-இல் ஒருவிதமாக அமைந்தது. 2023-இல் அதற்கு வேறொரு வழி வகுக்கப்பட்டு, கார்டுகளின் இயக்கி நிரல்களை, அதாவது நாம் டிரைவர் என்று வழங்கும் நிரல்களை, ஒவ்வொன்றாகப் புதிய வழிக்கு மாற்றும் பணி தொடங்கியது. இம்மாற்றம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. பழைய கட்டளை அப்படியே இருக்கும்; பழைய பயன்பாட்டு நிரலும் அப்படியே ஓடும். அங்ஙனமாயின் இத்தனை பேர் இத்தனை இயக்கிகளைத் திறந்து எழுத வேண்டிய தேவை என்ன? அதனை என் சக மாணவர்களுக்கு விளக்க முயல்கிறேன்.

ஒரு மைக்ரோ வினாடியின் விலை

கணிப்பொறிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் நாம் நினைக்கும் அளவுக்கு நாணயமானது அன்று. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள ஒரு கடிகாரம் வினாடிக்கு 20 மைக்ரோ வினாடி விலகும். ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 வினாடி விலகிவிடும். தனியே இருக்கும் கணிப்பொறிக்கு இது பொருட்டல்ல. பல கருவிகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் இடர்ப்பாடு தோன்றும்.

2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தனர். எந்தத் தடம் முதலில் அறுந்தது, எது பிறகு அறுந்தது என்று கண்டறிய முயன்ற விசாரணைக் குழுவினர், பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமை கண்டு மிகவும் அல்லற்பட்டனர். நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் வேண்டும் என்பது அவர்தம் பரிந்துரைகளுள் ஒன்று. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி வினாடி. எனவே ஒரு மைக்ரோ வினாடிப் பிழை என்பது கட்டக் கோணத்தில் 0.018 பாகை. நூறு மைக்ரோ வினாடி என்றால் 1.8 பாகை. தொலைவிலுள்ள இரு துணைமின் நிலையங்களின் கோணத்தை ஒப்பிட விழையும் பொறியாளர்க்கு இது சிறிய பிழையன்று. செல்பேசிக் கோபுரங்களின் நிலையும் இதுவே. ஒரே அலைவரிசையில் சிறிது நேரம் அனுப்புவதும் சிறிது நேரம் பெறுவதுமாக மாறி மாறி இயங்கும் 5ஜி வலையமைப்பில், ஒவ்வொரு கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ வினாடிக்குமேல் விலகாதிருக்க வேண்டும் என்பது நெறி. விலகினால் ஒன்று பேசும்போது அண்டையிலுள்ள மற்றதும் பேசத் தொடங்கும்.

நான்கு நேரங்கள்

இத்தகைய ஒத்திசைவுக்கென்று ஐ.இ.இ.இ. 1588 என்னும் நெறிமுறை 2002-இல் வெளிவந்து, 2008-லும் 2019-லும் திருத்தப்பட்டது. இதனைச் சுருக்கமாகப் பி.டி.பி. என்பர். இதன் கணக்கு பள்ளிக் கணக்கைப் போல எளிது.

தலைமைக் கடிகாரம் ஒரு பொதியை அனுப்புகிறது. அது புறப்பட்ட நேரம் 1000 என்று கொள்வோம். அலகு நானோ வினாடி. சார்புக் கடிகாரம் அதனைத் தன் கணக்கில் 1350-இல் பெறுகிறது. பிறகு சார்புக் கடிகாரம் தன் கணக்கில் 1500-இல் ஒரு பொதியை அனுப்ப, தலைமை அதனை 1650-இல் பெறுகிறது. போகும்போது வேறுபாடு 350, வரும்போது 150. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 250. இது பயண நேரம். சுமார் 50 மீட்டர் கம்பிக்கு உரியது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 100. சார்புக் கடிகாரம் 100 நானோ வினாடி முந்தி ஓடுகிறது என்பது விடை.

இக்கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்பதே அந்நம்பிக்கை. இப்போது முத்திரையைக் கார்டு குத்தாமல், கணிப்பொறியின் மென்பொருள் குத்துவதாகக் கொள்வோம். பொதி கார்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் மையச் செயலி வேறு வேலையில் இருந்ததால் 40 மைக்ரோ வினாடி கழித்தே கவனிக்கிறது. 1350 என்று பதிய வேண்டிய நேரம் 41,350 என்று பதியும். மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்: விடை 100 அன்று, 20,100! தாமதத்தில் சரிபாதி நேராகக் கடிகாரத்தின் தலையில் விழுந்துவிடுகிறது. மேலும் இத்தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தாலாவது கழித்துவிடலாம். அது செயலியின் வேலைச்சுமைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். எனவேதான் முத்திரையைக் கம்பிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், வன்பொருளிலேயே குத்த வேண்டும் என்கிறார்கள்.

கார்டுக்குள் ஒரு கடிகாரம்

அதற்கு நெட்வொர்க் கார்டிலேயே ஒரு கடிகாரம் வேண்டும். லினக்ஸில் அத்தகைய கடிகாரங்களைக் கையாளும் பகுதி 2011-இல் வெளியான 3.0 பதிப்பில் சேர்ந்தது. ரிச்சர்ட் காக்ரன் என்பவர் எழுதியது. எல்லாக் கார்டுகளிலும் இக்கடிகாரம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். எங்கள் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் 'எத்டூல்' கட்டளைக்குப் பெரிய எழுத்து டி என்னும் குறியைச் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். மென்பொருள் முத்திரை உண்டு, பி.டி.பி. கடிகாரம் இல்லை என்று விடை வந்தது. மலிவான கார்டுகளில் பெரும்பாலும் இதுதான் விடை. வாசகரும் தம் கணிப்பொறியில் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதற்குச் செலவில்லை.

புறப்படும் பொதிக்கு முத்திரை குத்துவதில் ஒரு வேடிக்கை உண்டு. புறப்பட்ட நேரம், புறப்பட்ட பிறகுதானே தெரியும்? அதனை அப்பொதிக்குள்ளேயே எழுதி அனுப்புவது எங்ஙனம்? ஆகவே தலைமைக் கடிகாரம், 'முன்னர் அனுப்பியது இத்தனை மணிக்குப் புறப்பட்டது' என்று பின்னாலேயே இன்னொரு பொதியை அனுப்பும். சில உயர்ந்த கார்டுகள் பொதி வெளியேறும் கணத்திலேயே நேரத்தை அதன் வயிற்றில் எழுதிவிடும் திறனுடையவை. லினக்ஸில், புறப்பட்ட நேரம் பயன்பாட்டு நிரலுக்குப் பிழைச் செய்திகள் வரும் வரிசையின் வழியாகத் திரும்பி வருகிறது. பிழை ஒன்றும் நிகழவில்லை. வேறு வரிசை இல்லாத குறையால் அவ்வழி கொடுக்கப்பட்டுள்ளது, அவ்வளவே.

பழைய வழி

கார்டு எந்தப் பொதிகளுக்கு முத்திரை குத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவை மூன்றே எண்கள். முதலாவது, கூடுதல் குறிகள். இரண்டாவது, அனுப்பும் பொதிகளுக்கு முத்திரை வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமானால் எவ்வகை என்பது. மூன்றாவது, பெறும் பொதிகளுள் எவற்றுக்கு என்பது: ஒன்றுக்கும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் வேண்டும், பி.டி.பி. பொதிகளுக்கு மட்டும் வேண்டும் என இப்படி.

2009-இல் வெளியான 2.6.30 பதிப்பு முதல் இம்மூன்று எண்களும் ஐ.ஓ.சி.டி.எல். என்னும் அழைப்பின் வழியே சென்றன. அலுவலகங்களில் எந்தப் பிரிவிலும் சேராத தாள்களை 'இதர இனங்கள்' என்ற கட்டில் சேர்ப்பார்கள் அல்லவா? ஐ.ஓ.சி.டி.எல். என்பதும் அத்தகைய கட்டே. அழைப்பில் அந்த மூன்று எண்கள் நேரடியாக இரா. அவை பயன்பாட்டு நிரலின் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்னும் முகவரி மட்டுமே இருக்கும். கெர்னலின் மையப் பகுதி அந்த முகவரியை இயக்கியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இயக்கி தானே அந்நினைவகத்துக்குச் சென்று எண்களைப் படியெடுத்து, புரிந்துகொண்டு, கார்டின் ரிஜிஸ்டர்களை எழுதி, முடிவை மீண்டும் அந்நினைவகத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

முடிவைத் திருப்பி வைப்பது வெறும் சடங்கன்று. 'பி.டி.பி. பொதிகளுக்கு மட்டும்' என்று கேட்டபோது, கார்டுக்கு வகை பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் குத்த மட்டுமே தெரியுமானால், இயக்கி 'எல்லாவற்றுக்கும்' என்று திருத்தி விடையளிக்கலாம். கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்யலாம், குறைவாகச் செய்யலாகாது. குறைவாகத்தான் முடியும் என்றால், எல்லைக்கு அப்பாற்பட்டது என்னும் பிழை எண்ணைத் திருப்ப வேண்டும்.

இவ்வழியில் என்ன குறை? முதல் குறை, ஒரே வேலையை ஒவ்வோர் இயக்கியும் தனித்தனியே எழுதியது. படியெடுத்தல், பிழை பார்த்தல், திருப்பி வைத்தல் ஆகிய வரிகளை ஒருவர் எழுத, மற்றவர் பார்த்தெழுத, இயக்கிக்கு இயக்கி சிறு சிறு வேறுபாடுகள் புகுந்துவிட்டன. இரண்டாவது, இன்னும் நுட்பமானது. மையப் பகுதி அந்த எண்களைத் தானும் ஒருமுறை வாசித்து, அவை முறையானவையா என்று சரிபார்க்கும். பிறகு இயக்கி அதே நினைவகத்திலிருந்து இரண்டாம் முறை வாசிக்கும். இரண்டு வாசிப்புக்கும் இடையில் பயன்பாட்டு நிரல் எண்ணை மாற்றிவிட்டால், சரிபார்க்கப்பட்டது ஒன்று, செயலுக்கு வந்தது மற்றொன்று. காசோலையின் தொகையைச் சரிபார்த்த எழுத்தர், அதனை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுத்து, 'காசாளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்' என்பதற்கு ஒப்பானது இது.

மூன்றாவது குறையையே நான் பெரிதாகக் கருதுகிறேன். எண்கள் பயனரின் நினைவகத்தில்தான் இருக்க வேண்டும் என்று வழியை அமைத்துவிட்டதால், கெர்னலின் பிற பகுதிகள் இயக்கியிடம் பேச முடியாமற் போயிற்று. ஒரு மெய்யான கார்டின் மேல் வீ-லேன் போன்ற கற்பனை முகங்களை அடுக்கி வைப்பது வழக்கம். மேலுள்ள முகத்தில் கேட்டால் அது கீழுள்ள கார்டுக்குச் சொல்ல வேண்டும். கெர்னல் தன் சொந்த நினைவகத்தில் மூன்று எண்களை வைத்துக்கொண்டு, 'இவற்றை அமை' என்று இயக்கிக்குச் சொல்லப் பழைய வழியில் இடமில்லை. கெர்னலோடு உரையாட நெட்லிங்க் என்னும் புதிய முறை வந்து நெடுநாளாகியும், அதன் வழியே முத்திரை அமைப்பைக் கேட்கவோ மாற்றவோ இயலாதிருந்தமைக்கும் இதுவே காரணம். அமைப்பை மாற்றாமல் 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்கும் கட்டளைகூட 2014-இல்தான் வந்தது. அதனையும் எல்லா இயக்கிகளும் ஏற்றுக்கொள்ளவில்லை.

புதிய வழி

2023-இல் வெளியான 6.6 பதிப்பில், ஒவ்வொரு நெட்வொர்க் கருவியும் தரவேண்டிய செயற்கூறுகளின் பட்டியலில் இரண்டு புதிய இடங்கள் சேர்க்கப்பட்டன. ஒன்று அமைப்பைச் சொல்ல. மற்றொன்று அமைப்பை மாற்ற. இவற்றுக்கு வரும் எண்கள் ஏற்கெனவே கெர்னலின் நினைவகத்துக்கு வந்துவிட்டவை. பயனரின் நினைவகத்துக்குப் போய்வரும் வேலை முழுவதையும் மையப் பகுதி ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை வாசிக்கிறது, வாசித்ததையே சரிபார்க்கிறது, சரிபார்த்ததையே இயக்கிக்குக் கொடுக்கிறது. இயக்கி தன் கார்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மறுக்க நேர்ந்தால் வெறும் பிழை எண்ணோடு நில்லாமல், காரணத்தைச் சொற்களிலும் எழுதி அனுப்ப வசதி செய்யப்பட்டுள்ளது. கேட்டவர் யார் என்று இயக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய ஐ.ஓ.சி.டி.எல். ஆகலாம், நெட்லிங்க் ஆகலாம், மேலே அடுக்கிய வீ-லேன் ஆகலாம்.

2025-இல் வெளியான 6.14 பதிப்பில் நெட்லிங்க் வழியாகவே முத்திரை அமைப்பைக் கேட்கவும் மாற்றவும் வசதி வந்தது. ஓர் இயக்கி புதிய வழிக்கு மாறியிருந்தால்தான் இவ்வசதி அக்கார்டுக்குக் கிட்டும். இயக்கிகளை மாற்றும் பணி அவ்வாண்டில் தொகுதி தொகுதியாக விரைந்து நடந்ததற்கு இது ஒரு நல்ல தூண்டுதல்.

முத்திரைக்காரர் இருவர்

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஒரே நெட்வொர்க் முகத்தில் முத்திரை குத்த வல்லவர் இருவர் இருக்கக்கூடும். பொதிகளை உருவாக்கிக் கையாளும் மேக் பகுதி ஒன்று. அவற்றை மின் குறிகளாக்கிக் கம்பியில் ஏற்றும் ஃபை என்னும் சில்லு மற்றொன்று. ஃபை கம்பிக்கு மிக அருகில் இருப்பதால் அதன் முத்திரையே சிறந்தது என்று தோன்றும். ஆனால் ஃபையிலுள்ள கடிகாரத்தோடு பேச மெதுவான ஒரு கம்பித்தடமே இருக்கிறது. ஆகையால் சில கருவிகளில் மேக் முத்திரையே மேலானதாக அமைகிறது.

பழைய வழியில், இருவருள் யார் என்று முடிவு செய்தது மேக்கின் இயக்கி. சில இயக்கிகள், 'ஃபைக்குத் தெரியுமா? தெரியுமெனில் அதனிடமே போ' என்று எழுதின. சில, கேளாமலே தாமே செய்தன. விளைவு என்ன? பல ஆண்டுகளாக மேக் முத்திரையால் செவ்வனே ஓடிவந்த ஒரு கருவியில், ஃபையின் இயக்கிக்கு யாரோ முத்திரைத் திறனைச் சேர்த்தால், கெர்னலைப் புதுப்பித்த அன்றே முத்திரைக்காரர் மாறிவிடலாம். பயனர் ஒன்றும் செய்யவில்லை. கடிகாரத்தின் துல்லியம் மட்டும் கெடுகிறது. இத்தகைய பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஏனெனில் எதுவும் உடையவில்லை. எண்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

புதிய வழியில் அம்முடிவு மையப் பகுதிக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே வழக்கத்திலிருந்த சில ஃபைகளுக்கு மட்டும் பழைய முன்னுரிமை காக்கப்பட்டு, புதியவற்றுக்கு மேக்கே இயல்பான முத்திரைக்காரர் என்று வகுக்கப்பட்டது. மேற்சொன்ன நெட்லிங்க் கட்டளையால், பயனரே 'இவர் குத்தட்டும்' என்று தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. முடிவை எடுக்கும் இடம் நாற்பது ஐம்பது கோப்புகளில் சிதறிக் கிடந்தவரை இது இயன்றிராது.

மாற்றும்போது

ஓர் இயக்கியை மாற்றும் வேலை பார்வைக்கு வெட்டி ஒட்டுவது போலத் தோன்றும். பழைய செயற்கூறிலிருந்து படியெடுக்கும் வரியையும் திருப்பி வைக்கும் வரியையும் நீக்கி, மீதியைப் புதிய செயற்கூறில் வைத்தால் முடிந்தது என்று நினைக்கலாம். ஆயினும் பழைய நிரலின் ஓரங்களில் சில வரிகள் உண்டு. அவை எளிதில் நழுவிவிடும்.

பல இயக்கிகளில், ஐ.ஓ.சி.டி.எல். செயற்கூறின் வாயிலிலேயே 'கார்டு இயங்கிக்கொண்டிருக்கிறதா? இல்லையேல் திரும்பிப் போ' என்று ஒரு காவல் இருக்கும். முத்திரைப் பகுதியை அங்கிருந்து பெயர்த்தெடுக்கும்போது காவலாளி பழைய வாயிலிலேயே நின்றுவிடுவார். நிறுத்தி வைத்த, மின்சாரம் அடக்கப்பட்ட கார்டின் ரிஜிஸ்டரைப் புதிய செயற்கூறு தொட்டுவிடும். அக்காவலையும் உடன் அழைத்துவர வேண்டும், அல்லது அது இங்கே தேவையில்லை என்று காரணத்தோடு முடிவு செய்ய வேண்டும்.

அமைப்பை நினைவில் வைக்கும் வரிசையும் கவனத்துக்குரியது. கேட்ட எண்களை முதலில் தன் குறிப்பில் எழுதிக்கொண்டு, பிறகு கார்டை அமைக்கும் ஓர் இயக்கியை எண்ணிப் பாருங்கள். இடையில் கார்டு மறுத்துவிட்டால், குறிப்பில் ஒன்றும் கார்டில் மற்றொன்றும் இருக்கும். 'இப்போதைய அமைப்பு என்ன?' என்று கேட்கும் செயற்கூறு இல்லாதவரை இப்பொய் வெளிப்படாது. மாற்றும்போது அச்செயற்கூறையும் சேர்ப்பதால் பொய் வெளிப்பட்டுவிடும். ஆகவே கார்டு ஏற்றுக்கொண்ட பிறகே குறிப்பில் எழுத வேண்டும். அதுவும் கேட்டதை அன்று, உண்மையில் அமைந்ததை எழுத வேண்டும்.

இன்னொன்று, அமைப்பின் வடிவம். பயனர் அனுப்பும் மூன்று எண்களின் தொகுப்பும், கெர்னலுக்குள் வழங்கும் புதிய தொகுப்பும் ஒன்றன்று. புதியதில் முத்திரைக்காரர் மேக்கா ஃபையா என்னும் விவரம் போன்ற மேலும் சில உறுப்புகள் உண்டு. பெயர் ஒத்திருக்கிறதே என்று ஒன்றை மற்றொன்றின் மேல் அப்படியே படியெடுத்தால் கணக்குத் தவறும். உறுப்பு உறுப்பாக எடுத்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபின், கார்டு உடையவர்கள் பழைய கட்டளைகளால் அமைத்துப் பார்த்து, முன்போலவே விடை வருகிறதா என்று சோதிப்பார்கள். முன்போலவே வந்தால் வெற்றி. புதிதாக எதுவும் நிகழாமையே வெற்றி என்று எண்ணப்படும் வேலைகள் கணிப்பொறி உலகில் பல உண்டு. பாராட்டு விழா எடுக்கப்படாதவை. என் கருத்தில் அவை புதுமைகளைவிடக் கடினமானவை.

எல்லா இயக்கிகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதால் இரு வழிகளும் சேர்ந்து வாழ ஓர் ஏற்பாடும் செய்ய வேண்டியிருந்தது. வீ-லேன் புதிய வழியில் இருந்து, அதன் கீழுள்ள கார்டு பழைய வழியில் இருந்தால் என் செய்வது? அதற்காகவே புதிய தொகுப்பில் இரண்டு உறுப்புகளை வைத்தார்கள். ஒன்று, பழைய அழைப்பை அப்படியே சுட்டும் முகவரி. கீழுள்ள இயக்கிக்கு அது பழகிய வடிவிலேயே கோரிக்கை போய்ச் சேர இது உதவும். மற்றொன்று, 'விடை ஏற்கெனவே பயனரிடம் கொடுக்கப்பட்டுவிட்டது' என்னும் குறி. மையப் பகுதி அதே விடையை இரண்டாம் முறை எழுதாமல் இருக்க இது உதவும். பழைய வழியில் ஓர் இயக்கியேனும் எஞ்சியிருக்கும் வரை இவ்விரண்டும் அத்தொகுப்பில் இருந்தாக வேண்டும்.